சாஃப்ட்னர் அறை வடியவில்லையா? வெந்நீர், வினிகர், பம்ப், மெக்கானிக்: எதற்கு எது

வாஷிங் மெஷினில் துணி துவைத்து முடிந்ததும் சோப்பு ட்ரேயை இழுத்துப் பார்த்தால், பூ படம் போட்ட அறையில் ஊற்றிய கம்ஃபோர்ட், அதாவது துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர், அப்படியே நிற்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொல்வார், இன்னொருவர் ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போடச் சொல்வார், மெக்கானிக் வந்தால் வால்வை மாற்றிவிடலாம் என்பார். மூன்றும் சரியான வைத்தியம்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு நோய்க்கு. நோய் எதுவென்று பார்க்காமல் செலவு செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தண்ணீரையும் மாடி வீடுகளையும் மனதில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் அறையில் நிற்பது கெட்டியாக இருக்கிறதா, தண்ணீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றிய சாஃப்ட்னர் நிறம் மாறாமல் கெட்டியாகவே இருந்தால், கடைசி அலசலில் அந்த அறைக்குத் தண்ணீர் வரவே இல்லை. வெளுத்துப்போய் தண்ணீரோடு கலந்து நிரம்பி நின்றால், தண்ணீர் வந்திருக்கிறது, வடியத்தான் வழியில்லை. அடியில் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் நிற்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த அமைப்பில் அவ்வளவு மிஞ்சத்தான் செய்யும்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சோதனை உண்டு. ட்ரேயைக் கழற்றி சிங்க்குக்குக் கொண்டுபோய், சாஃப்ட்னர் அறையில் மேக்ஸ் கோட்டைத் தாண்டும்வரை சும்மா தண்ணீர் ஊற்றுங்கள். சில விநாடிகளில் ‘சளக்’கென்று மொத்தமும் அடிவழியாக இறங்கிவிட்டால் ட்ரேயில் குறையே இல்லை. அப்படியே நின்றாலோ சொட்டுச் சொட்டாக இறங்கினாலோ குறை ட்ரேயில்தான். எந்த வைத்தியம் என்பதை இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

அந்த அறையின் அடியில் ஓட்டை கிடையாது. நடுவில் சின்னதாக ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும், அதன்மேல் ஒரு மூடி தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும். தண்ணீர் மட்டம் ஏறி, மூடிக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள சந்து வழியே குழாயின் உச்சியைத் தாண்டினால் உள்ளே விழத் தொடங்கும். விழத் தொடங்கியதும் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சைஃபன் என்பது இதுதான். அந்தச் சந்து அடைத்தாலும், மூடி சரியாக அமராமல் காற்று புகுந்தாலும் இழுவை கிடைக்காது. மூடியைப் பிடித்து மேலே இழுத்தால் கழன்று வரும். வருடக்கணக்கில் கழற்றாத மூடியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு பிசின் அப்பியிருக்கும். விரலால் வழித்தால் மெழுகு மாதிரி வரும்.

அந்தப் பிசினுக்கு வெந்நீரா, வினிகரா? நான் வெந்நீர் கட்சி. சாஃப்ட்னர் கொழுப்பு வகைப் பொருள், சூட்டில் இளகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும், ஆகவே கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூடியையும் குழாயின் வெளிப்பக்கத்தையும் தேய்த்து, குழாய்க்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுங்கள். வினிகரில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீத அசிட்டிக் அமிலம். அது உப்புப் படிவைக் கரைக்கும், மெழுகுப் பிசினிடம் அதிகம் எடுபடாது. ராத்திரி முழுக்க ஊறிய பிறகும் பிரஷ் இல்லாமல் பிசின் போகாது. ‘வினிகர்ல போட்டேன், சரியாச்சு’ என்பவர்கள் வீட்டிலும் வேலை செய்தது பிரஷ்ஷாகத்தான் இருக்கும்.

சோப்புத் தூள் தவறிப்போய் இந்த அறையில் விழுந்தால் பிசின் இன்னும் கெட்டியாகும். டிடர்ஜென்ட் எதிர்மின் தன்மை உடையது, சாஃப்ட்னர் நேர்மின் தன்மை உடையது; இரண்டும் சேர்ந்தால் திரிந்துபோய் ஒட்டும்.

ஆனால் நம் பக்கத்தில் உப்புப் படிவும் லேசான விஷயம் இல்லை. கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவது இரண்டு ஊருக்கும் பழகிய சங்கதி. போர் தண்ணீர் மட்டுமே ஓடும் வீடுகளில் ட்ரே நுழையும் பொந்தின் மேற்கூரையைப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன துளைகள் இருக்கும், தண்ணீர் அங்கிருந்துதான் அறைக்குள் விழுகிறது. துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அங்கே வெந்நீர் உதவாது, அமிலம்தான் வேண்டும். வினிகரைவிட மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், மலிவு, வாடையும் இல்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, துணியை நனைத்து, மேற்கூரையில் கொஞ்ச நேரம் அழுத்தி ஒட்டவைத்துப் பிறகு பிரஷ் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். பித்தளைக்குப் போடுவதுபோல் புளி வேண்டாம். நார் போய்த் துளையில் சிக்கும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து வைத்திருந்தால் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600ஐ நெருங்கும் வீட்டில் சிட்ரிக் ஆசிட் வேலையை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, சிங்க் சோதனையில் ட்ரே தேறிவிட்ட வீடுகள். மாடி வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அதிகப் பணம் வீணாவது இங்கேதான். முன்பக்கம் திறக்கும் பல மாடல்களில் சாஃப்ட்னருக்கென்று தனி வால்வு இருக்காது. பின்னால், தண்ணீரைத் திறந்து மூடும் இரண்டு வால்வு இருக்கும். ஒன்று திறந்தால் ப்ரீவாஷ் (முன்துவைப்பு) அறைக்குத் தண்ணீர், மற்றது திறந்தால் மெயின் வாஷ் அறைக்கு. இரண்டும் சேர்ந்து திறந்தால் இரண்டு தாரையும் ஒன்றோடொன்று மோதி, திசை மாறி, சாஃப்ட்னர் அறையில் விழும். இரண்டில் ஒன்று மந்தமானாலும் சரி, மொத்த அழுத்தமே குறைவானாலும் சரி, தாரை அங்கே போய்ச் சேராது. துணி நன்றாகத் துவைபடும், சாஃப்ட்னர் மட்டும் அசையாது.

அழுத்தக் கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் மெஷின் தரைத்தளத்தில் இருக்கிறது, தொட்டி இரண்டு மாடிக்கு மேலே. அவளுக்கு இந்தத் தொல்லை வந்தபோது நான் போனில் கேட்டது, “அக்கா, அந்த மூடியக் கழட்டிப் பாத்தியா?” என்பது மட்டும்தான். பிசினை எடுத்ததும் சரியாகிவிட்டது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு மேல்தளம். தொட்டி தலைக்கு மேலேயே. நடுவில் 3 மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது 0.3 பார். சில மாடல்களுக்கு அது போதும், சில மாடல்கள் 1 பார் கேட்கும். உங்கள் மெஷினின் கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வரத்தைத் தெரிந்துகொள்ள, மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் குழாயைக் கழற்றி பக்கெட்டில் விட்டு ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டராவது வர வேண்டும் என்று சில கையேடுகள் சொல்கின்றன.

குழாயைக் கழற்றும் அந்த நேரத்திலேயே வால்வின் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் சல்லடையைக் குறட்டால் மெதுவாக இழுத்துக் கழுவிவிடுங்கள். தொட்டி சுத்தம் செய்த மறுநாளும் மழைக்காலத்திலும் அதில் மணலும் துருவும் சேரும். காசு செலவில்லாத வேலை. பம்ப் வாங்குவதற்கு முன் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது.

சல்லடை சுத்தமாக இருந்தும் வரத்து குறைவு என்றால் வழிகள் உண்டு. தொட்டியை ஸ்டாண்டு போட்டு உயர்த்தலாம், ஆனால் ஒரு மீட்டருக்குக் கிடைப்பது 0.1 பார்தான். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலும் கரையேறிய இந்தக் கடலோரத்தில் தொட்டியை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்த எனக்கு மனம் வராது. பிரஷர் பம்ப் நிச்சயம் வேலை செய்யும். சொந்த வீடு என்றால், குளியலறை ஷவருக்கும் சேர்த்து, தகும். வாடகை வீட்டுக்கு என் பரிந்துரை ஒரு டம்ளர் தண்ணீர். கடைசி அலசலுக்குத் தண்ணீர் ஏறும்போது ட்ரேயை லேசாக இழுத்து சாஃப்ட்னர் அறையில் ஊற்றினால், கையால் கிளப்பிய சைஃபன் மிச்சத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் குறை.

எந்த வழிக்குப் போனாலும் சாஃப்ட்னரில் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், மேக்ஸ் கோட்டைத் தாண்டாமல். தாண்டினால் முதல் தண்ணீரிலேயே சைஃபன் கிளம்பி, மொத்தமும் சோப்போடு போய்விடும்.

மூடி விரிந்திருந்தாலோ குழாயின் உச்சி உடைந்திருந்தாலோ எந்த ஊறவைத்தலும் பலிக்காது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், முழு ட்ரே பிறகு. மாடல் எண் கதவின் உள்விளிம்பிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும்; அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போங்கள். மெக்கானிக்கை அழைக்க வேண்டியது, ட்ரே தேறி, துளைகள் சுத்தமாகி, சல்லடை கழுவி, பக்கெட்டும் நிரம்பி, அதன்பிறகும் சாஃப்ட்னர் கெட்டியாகவே நின்றால் மட்டும்தான். அப்போது சந்தேகம் வால்வின்மேல். அவரிடம் “சாஃப்ட்னர் இறங்கல” என்று மொட்டையாகச் சொல்லாமல், “ட்ரே வடியுது, பிரஷர் இருக்கு, கடைசி ரின்ஸ்ல ரெண்டு வால்வும் திறக்குதான்னு பாருங்கண்ணே” என்று சொல்லுங்கள்.