பல்லி முட்டையோடு திரும்பி வந்த 'புதிய' போர்டு

வேலூரில் ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கரை, அதாவது பதிவு செய்ததைச் சரிபார்த்துக் கேட்கும் ஸ்பீக்கரை, பழுதுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைக் கேட்க வேண்டாம், சொல்வதாக இல்லை.

சத்துவாச்சாரியில் மொட்டை மாடி அறையில் பக்திப் பாடல்களும் விளம்பரக் குரல்களும் பதிவு செய்கிறேன். நம் ஊர்க் கத்திரி வெயில் உங்களுக்குத் தெரியும், ஏ.சி.யை அணைத்தால் அறை அடுப்படிதான். கடந்த மே மாதம் இடப்பக்க ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. பாட்டு வரும் கேபிளை உருவிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆக, கோளாறு பெட்டிக்குள்தான்.

பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, சென்னையிலிருந்து வரவேண்டும், 6,500 ரூபாய்" என்றார். 11 நாள் கழித்து, ஒரு பாட்டை அதிரவிட்டுக் காட்டினார். உறுமல் இல்லை. பணத்தைக் கொடுத்தேன். ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் கேட்டுவிட்டு வந்தது என் மடத்தனம்.

வீட்டில் ஜோடியாக வைத்ததும் பேஸ் காணாமல் போனது. குரல் என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசுவதுபோல் நிற்க வேண்டும். இது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறையெங்கும் அலைந்தது. ஒரு ஸ்பீக்கரின் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு, முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

காட்பாடியிலிருந்து மைத்துனன் வந்தான், டிவி பழுது பார்ப்பவன். பிளக்கை உருவி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறந்தான்; கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் பிளக்கை உருவிய பிறகும் அடிக்கும். வூஃபரின் முனைகளில் ஒன்று அகலம், மற்றது ஒடுக்கம். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தச் செருகிகளை வெட்டி எறிந்துவிட்டு, வயரை நேராகப் பற்றவைத்திருந்தார் அந்த மகானுபாவர். அதுவும் தலைகீழாக.

பிறகு போர்டின்மேல் டார்ச் அடித்தான். ஓரத்தில் ஒரு பல்லி முட்டை ஓடு, காய்ந்து, தூசியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத் துளை வழியாகப் போய் வந்திருக்கிறது.

"மாமா, இதுவா புது போர்டு? பல்லி குடித்தனம் நடத்திய வீடு இது."

மாறியிருந்தவை இரண்டே கெப்பாசிட்டர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சமன்செய்வது அவைதான். சூட்டில் உலர்ந்துபோனால் உறுமும். இரண்டும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அதிலும் கஞ்சத்தனம்! வலப்பக்க ஸ்பீக்கரில் 105 டிகிரி சூடுவரை தாங்கும் என்று அச்சடித்த கெப்பாசிட்டர், இதில் 85. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் சாமானை, வேலூர் வெயிலுக்கு யாராவது இப்படித் தேர்ந்தெடுப்பார்களா?

போர்டை மாற்றினேன் என்றவரிடம் பழைய போர்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள், கையோடு வாங்கி வாருங்கள். வாரண்டி முடிந்த ஸ்பீக்கர் என்றால், கொடுக்கும் முன் உள்ளே படம் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கப் போகும்போது ஜோடியையும் தூக்கிக்கொண்டு போய், பாட்டு வேண்டாம், யாராவது பேசும் பதிவு ஒன்றைக் கேளுங்கள்.

முட்டை ஓட்டின் படத்தைக் காட்டியபோது கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பையன் செய்த வேலை சார்" என்றார். 2,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து, மீதியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். இது நான்காவது அடுத்த வாரம்.