புதுச்சேரியில் திபெத்தியர் கம்பளிக் கடை: வாங்கியவை, பார்த்தவை, கேட்டவை

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், புதுச்சேரியில் நேரு வீதியிலிருந்து சற்று விலகியுள்ள ஒரு காலி மனையில் மூங்கில் நட்டு, நீலத் தார்ப்பாய் கட்டி, ஒரு திபெத்தியக் குடும்பம் கம்பளி ஆடைக் கடை போடுகிறது. தை மாதக் கடைசியில் கடையைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. பல ஆண்டுகளாக அந்தப் பக்கமாகப் போய் வந்துகொண்டிருந்தும், சென்ற டிசம்பரில்தான் முதன்முறையாக உள்ளே சென்றேன். எழுபத்தெட்டு வயதான என் தாயாரை ஜனவரியில் காசிக்கும் கயைக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு பழைய சால்வை மட்டுமே.

வியர்வை ஓயாத கடலோர ஊரில் ஸ்வெட்டர் யார் வாங்குவார்கள் என்று நானும் எண்ணியதுண்டு. அரை மணி நேரம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். மார்கழிப் பனியில் மூச்சிரைப்புக்கு அஞ்சிக் குல்லாய் கேட்கும் பெரியவர்கள், கைக்குழந்தைக்குக் காலுறை தேடும் தாய்மார்கள், ஊட்டிக்குச் சுற்றுலா புறப்படும் கல்லூரி மாணவர்கள், இரவுப் பணிக்குப் போகும் காவலாளிகள், எங்களைப் போன்ற யாத்திரைக்காரர்கள் என்று கூட்டம் வந்துகொண்டேயிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாயாருக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றை 850 ரூபாய்க்கும், எனக்கு உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்த ஜெர்கின் ஒன்றை 1,400 ரூபாய்க்கும், காதை மூடும் குல்லாய் இரண்டைத் தலா 150 ரூபாய்க்கும் வாங்கினோம். ஸ்வெட்டரைக் கையில் எடுத்து, “இது அசல் கம்பளிதானே?” என்று கேட்டபோது, கடையை நடத்தும் பெண்மணி சிறிதும் தயங்காமல், “இல்லைம்மா, இது அக்ரிலிக். கம்பளி வேணும்னா அந்த வரிசை, விலை கூட” என்று கன்னட வாடை கலந்த தமிழில் சொன்னார். நான் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நொடியில்தான்.

அக்ரிலிக் நூல் ஆடை தண்ணீரில் சுருங்காது, அந்துப்பூச்சி அரிக்காது. ஆனால் உராயும் இடங்களில் சிறு சிறு நூல் உருண்டைகள் கிளம்பும். அசல் கம்பளி கூடுதலாகக் கதகதப்புத் தரும். ஆனால் சுடுநீரில் அலசினால் சுருங்கிப்போகும், கடலோர ஈரக்காற்றில் பத்திரப்படுத்துவதும் எளிதன்று. எதுவானாலும் குளிர்ந்த நீரில் அலசி, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் துணி விரித்து அதன்மேல் பரப்பி உலர்த்த வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பினார். காசியில் விடியற்காலை மூடுபனியில் படகுத்துறைப் படிகளில் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரமும் தாயாருக்கு அந்த ஸ்வெட்டர் போதுமானதாக இருந்தது. ஜெர்கின் எனக்குச் சற்று மிகையாகவே இருந்தது.

குறைகளும் உண்டு. முதல் முறை அலசியதுமே ஸ்வெட்டரின் இடது அக்குள் தையல் நான்கு விரற்கடை அளவுக்குப் பிரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன். ரசீது கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. வேறொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நிறம் வேறு இல்லாததால், அதே நிறத்து நூலைத் தேடியெடுத்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார்கள். அது இன்றுவரை பிரியவில்லை. உடையைப் போட்டுப் பார்க்க முழு அளவுக் கண்ணாடி இல்லை என்பதும், மாலையில் வெளிச்சம் போதாமல் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரிகின்றன என்பதும் உண்மையான சங்கடங்கள். பிள்ளைகளுக்கான ஜெர்கின்களில் சில, பெயர் பெற்ற விளையாட்டு நிறுவனங்களின் சின்னத்தைப் போலியாகப் பொறித்தவை. கொள்முதல் செய்யும் இடத்திலேயே அப்படித்தான் வருகிறது என்று அவர் மறைக்காமல் சொன்னாலும், அந்த வரிசையைத் தவிர்க்குமாறே நான் கூறுவேன்.

கடையில் ‘ஒரே விலை’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பாதி விலையிலிருந்து பேரத்தைத் தொடங்கிப் பழகிய நமக்கு அது உறுத்தலாக இருக்கலாம். ஆனால் இந்த வியாபாரத்தின் கணக்கைக் கேட்டபின் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. சரக்கில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவிலிருந்து கடனாக எடுத்து வரப்படுகிறது. மூன்று மாதத்தில் விற்று, கடனை அடைத்து, எஞ்சுவதுதான் குடும்பத்தின் வருமானம். அவர்கள் வருவது மைசூருக்கு மேற்கே உள்ள பைலகுப்பே குடியிருப்பிலிருந்து. அங்கே வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளம் பயிரிடுகிறார்கள். அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை நிலத்தில் வேலை இல்லாத காலத்தைத்தான் இந்தத் தார்ப்பாய்க் கொட்டகை நிரப்புகிறது.

1959 மார்ச்சில் திபெத்தியரின் சமயத் தலைவர் தலாய் லாமா தலைநகர் லாசாவைவிட்டு வெளியேறி இந்திய எல்லையைக் கடந்தபோது, அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர் பனிமலைகளைத் தாண்டி வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்த நிலம் தருமாறு நேரு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டபோது, மைசூர் மாநில (இன்றைய கர்நாடக) அரசு பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் கொடுத்தது. குளிர்ந்த மேட்டு நிலத்தில் பார்லி விதைத்தும் யாக் மேய்த்தும் வாழ்ந்தவர்கள், யானை நடமாடும் காட்டைத் திருத்தி, அறியாத வெயிலில், அறியாத பயிரை விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைக்குள் மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர், பெண்மணியின் மாமனார், தந்தையின் தோளில் அமர்ந்து எல்லையைக் கடந்தவர். கடையில் உதவிக்கு இருக்கும் பேரன் பைலகுப்பேயிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆயினும் அவனும் வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டேயிருக்க வேண்டும். காலாப்பட்டுக்கு அப்பால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாமைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடையின் மிகச் சிறந்த பொருள் விற்பனைக்கு இல்லை. பெரியவர் அமர்ந்திருக்கும் சதுர வடிவக் கம்பளம்தான் அது. கருநீலத் தரையில் செந்நிறத் தாமரையும் ஓரம் முழுக்க மேகச் சுருளும் கொண்ட, கையால் நெய்த விரிப்பு. என் தாயார் குறிஞ்சிப்பாடியில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஜெர்கின் அளவுக்காக நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அந்தக் கம்பளத்தின் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எப்படி நெய்தது என்று பெரியவரைச் சைகையால் கேட்டிருக்கிறார். குடியிருப்பின் கம்பளக்கூடத்தில் இளமையில் பல ஆண்டுகள் வேலை செய்த பெரியவர், கைகளாலேயே பதில் சொல்லத் தொடங்கினார். நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல்; அதன் முன்னே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி; வண்ண நூலைப் பாவு இழைகளின் பின்னால் கொடுத்து வாங்கி, கம்பியின்மேல் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே ஒரு வரிசையை முடிக்க வேண்டும்; பிறகு கம்பியைச் சுத்தியலால் தட்டி இறக்கி, வளையங்களைக் கத்தியால் வரிசையாக அறுத்தால் நுனிகள் புல் முளைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும்; அதன்பின் ஊடை, அதாவது குறுக்கு நூல், கொடுத்து இறுக்கி, அடுத்த வரிசை. திபெத்தியருக்கே உரிய முறை இது; நூலை ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு வெட்டும் பிற நாட்டுக் கம்பளங்களில் இந்தக் கம்பி கிடையாது. பாவு எங்கே, ஊடை எங்கே என்று தாயார் விரலை நீட்டி நீட்டிக் கேட்க, பெரியவர் தலையசைத்தும் மறுத்தும் திருத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்கூட இல்லை. கால் மணி நேரத்தில் தாயார் என்னிடம் திரும்பி, “நம்ம தறி மாதிரி இல்ல, ஆனா புரிஞ்சுபோச்சு” என்றார்.

அதனால்தான் ஒன்றைப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கடையில் ஸ்வெட்டர் வாங்குவது ஒரு குடும்பத்தைத் தாங்குகிறது. ஆனால் லூதியானா ஆலை நூலில் திபெத்தியப் பண்பாடு எதுவும் இல்லை. பேரன் திபெத்திய மொழியில் எழுதப் படிக்கக் கற்றது குடியிருப்புப் பள்ளியில். திபெத்தியக் குழந்தைகளுக்கென 1961இல் தனிப் பள்ளி அமைப்பு இந்தியாவில் தொடங்கப்பட்டது. அவனுக்கான புத்தகமும் சீருடையும் இந்த ஸ்வெட்டர் பணத்திலிருந்து வந்தவை என்று அவன் தாய் சொன்னார். ஆக, ஆலை நூல் சுற்றிவளைத்து அங்கே போய்ச் சேரவே செய்கிறது. அவர்களது கைத்தொழிலுக்கே நேராக உதவ நினைப்பவர்கள், குடியிருப்புகளின் கூட்டுறவுக் கூடங்களில் நெய்யும் கம்பளங்களை வாங்கலாம். விலை ஆயிரங்களில் இருக்கும், ஒரு தலைமுறைக்கு உழைக்கும். வாங்காமலே அறிய விரும்புவோர்க்கு ஆரோவில்லில் திபெத்தியப் பண்பாட்டு மாளிகை இருக்கிறது. 1993இல் தலாய் லாமா அடிக்கல் நாட்டி, 2009இல் அவரே திறந்து வைத்தது.

சிறு பொருள்களில் ஊதுபத்தியும் பிரார்த்தனைக் கொடியும் வாங்கினேன். நம்முடையதுபோல் நடுவே மூங்கில் குச்சி இல்லாமல், மூலிகைப் பொடியையே திரித்து உலர்த்திய பத்தி அது. மல்லிகை, சந்தன மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், காட்டு மரமும் பச்சிலையும் புகைவது போன்ற மணம். நான் வாங்கிய கட்டு பழைய சரக்கோ என்னவோ, மணம் குன்றியிருந்தது. கொடி அப்படியன்று. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற வரிசை மாறாமல், வெளி, காற்று, தீ, நீர், நிலம் ஆகிய ஐம்பூதங்களைக் குறிக்கும் ஐந்து துணிகள். ஒவ்வொன்றிலும் மந்திர எழுத்துகள். கட்டியவர் வீட்டு நலனுக்கானது அன்று இது; காற்று எங்கெல்லாம் செல்கிறதோ அங்குள்ள எல்லா உயிர்களுக்கும் அந்த நல்லெண்ணம் போய்ச் சேர வேண்டும் என்பதே இதன் கருத்து. தரையில் வைக்க வேண்டாம், கிழிந்தால் குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள் என்று மட்டும் கடைப் பெண்மணி கேட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் இளைஞர்கள் இதை மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் அழகுக்காகச் சுற்றிக்கொள்கிறார்கள். பொருள் தெரிந்தால் இடத்தை மாற்றுவார்கள் என்று நம்புகிறேன். முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் கட்டியது கடற்காற்றில் ஆறே வாரத்தில் நூல் நூலாகிவிட்டது. அது குறையன்று, அப்படித் தேய்வதற்காகவே கட்டப்படுவது.

அந்தக் கொடியில் உள்ள மந்திரம் அவலோகிதருடையது. கருணையே உருவான அந்தப் போதிசத்துவரின் வடிவாகத் தலாய் லாமாவைத் திபெத்தியர் போற்றுகிறார்கள். லாசாவின் பொதலா அரண்மனை, அவலோகிதர் உறையும் பொதலக மலையின் பெயரைக் கொண்டது; அந்த மலை நம் பொதிகையே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை இயற்றிய பௌத்தரான புத்தமித்திரனார், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று பாயிரத்தில் கூறுகிறார். காசியிலிருந்து திரும்பி, ஜனவரிக் கடைசியில் கடைக்குப் போனபோது இதைப் பெண்மணியிடம் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. “சென்ரெசிக்?” என்று திபெத்தியப் பெயரைச் சொல்லிக் கேட்டு, நான் தலையசைத்ததும் பெரியவரை அழைத்து, என்னை மறுபடி சொல்லச் செய்து, வரி வரியாக அவருக்கு மொழிபெயர்த்தார். பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, பிறகு எழுந்து, வெள்ளைப் பட்டு சார்த்திய தலாய் லாமா படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் தாயாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். 2025 ஜூலை 6இல் தலாய் லாமாவுக்கு 90 வயது நிறைந்ததையொட்டி அதிலிருந்து ஓராண்டைக் கருணை ஆண்டாகத் திபெத்தியர் அறிவித்திருந்தார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

லோசர் என்னும் அவர்களது புத்தாண்டு இம்முறை பிப்ரவரியில் வந்ததால், அன்று மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மிஞ்சிய குல்லாய்களும் கைக்குழந்தை உடைகளும் நூறு ரூபாய்க்கே கிடைத்தன. பெரிய அளவுகள் தீர்ந்துவிட்டன. எனவே வாங்க நினைப்பவர்கள் டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள், பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். ஜிபே வாங்குகிறார்கள், ரசீது கேட்டால் மட்டுமே தருகிறார்கள். அடுத்த நவம்பரில் இதே மனை கிடைத்தால் இங்கேயே, கிடைக்காவிட்டால் அருகிலேயே கடை போடுவதாகச் சொன்னார்கள். என் தம்பிக்கு 44 அளவில் அசல் கம்பளியில் சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்து வருமாறு கேட்டு, அளவைப் பெண்மணியின் நோட்டில் எழுதிவிட்டு வந்தேன். தாயார் தன் பங்குக்கு, குறிஞ்சிப்பாடித் துண்டு ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்து, அதன் கரையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.