பால் கேனும் பி.எச். கடதாசியும்: மூன்று வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு சின்னதாய் ஒரு தயிர் வேலை எனக்கு. கிண்ணியாப் பக்கத்துப் பட்டிகளிலிருந்து விடியப்புறம் எருமைப்பால் பாலம் தாண்டி வரும். (2009இல் அந்தப் பாலம் திறக்குமட்டும் 'பாதை'க்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு, காத்துக்கிடக்க வேணும், வெயில் ஏறினால் பால் அங்கேயே புளிச்சிடும் என்பார் மாமி.) வாசலுக்கு வந்த பாலை எடுப்பதா விடுவதா என்று பார்க்கத்தான் பி.எச். கடதாசி வாங்கத் தொடங்கினேன். தோய்த்தால் நிறம் மாறும், அந்த நிறத்தைப் பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் பி.எச். எண் தெரியும்; எண் குறையக் குறையப் புளிப்பு, அதாவது அமிலம், கூட.

முதலில் வாங்கியது 1 தொடக்கம் 14 வரை காட்டுகிற மலிவான புத்தகம், 80 தாள். அமிலமா காரமா என்று மட்டும் காட்டுகிற பள்ளிக்கூடத்துப் பாசிச்சாயத்தாளுக்கு (லிட்மஸ்) இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். பாலுக்குச் சரிவரவில்லை. நல்ல பால் 6.6க்கும் 6.8க்கும் இடையில் நிற்கும். அந்தத் தாளோ 6, 7 என்று முழுப் படியாகத் தாவும். ஒரு படி என்றால் அமிலத்தில் பத்து மடங்கு வித்தியாசம், எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு படிக்குள்ளேயே மறைந்துபோகும். இப்போது பாவிப்பது 5.5இலிருந்து 8 வரை காட்டும் பிளாஸ்டிக் கீற்று. விலை கூடத்தான். கத்தரிக்கோலால் நெடுக்காக இரண்டாக வெட்டிவிடுவேன்.

கேனுக்குள் தோய்க்கவே கூடாது, மலிவுத் தாளில் சாயம் கரையும். ஒரு கரண்டிப் பாலில் தோய்த்து, ஓரத்தில் வழித்து, பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்குள் பார்க்க வேணும். பால் படலம் நிறத்தை வெளிறடிக்கும். அதைவிடப் பெரிய எதிரி குசினி மஞ்சள் பல்பு. நல்ல பாலில் இளம்பச்சை காட்டுகிற கீற்று அந்த வெளிச்சத்தில் மஞ்சளாய்த் தெரியும், மஞ்சள் என்றால் புளிப்பு. அப்படியே இரண்டு கேன் நல்ல பாலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது வெள்ளை லைட் ஒன்று தனியாகப் போட்டிருக்கிறேன். சந்தேகம் என்றால் மாமியின் வழிதான்: கரண்டிப் பாலை அடுப்பில் காட்டினால் புளித்தது உடனே திரளும்.

ஒருநாள் கீற்று நீலத்துக்குப் போனது, 7.2 இருக்கும். புளிப்பை மறைக்க அப்பச்சோடா போட்டிருக்கிறார் என்று பால் கொண்டுவந்த நானாவிடம் சத்தம் போட்டுவிட்டேன். மனிசன் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகு பார்த்தால் அவரின் எருமை இரண்டுக்கு மடிநோய். மடி வீங்கினாலும் பாலின் பி.எச். ஏறுமாம், மிருக வைத்தியர் சொன்னார். சோடா அளவாகப் போட்டால் புளித்த பால்கூட 6.7 காட்டும் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. கடதாசி அமிலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் கேனை இறக்கும்போது, "தங்கச்சி, இண்டைக்குக் கடதாசி என்ன சொல்லுது?" என்று ஒரு குத்து வைப்பார்.

செவ்வரத்தம்பூவை அவித்து, வடிதாளில் தோய்த்து நிழலில் காயவைத்தும் பார்த்தோம். தேசிக்காய்ப் புளிக்குச் சிவப்பு, சோடாக் கரைசலுக்குப் பச்சை. மகளின் விஞ்ஞானப் பாடத்துக்கு அருமை. 6.4ஐயும் 6.8ஐயும் பிரிக்க அதனால் முடியாது.

சட்டியில் உறை ஊற்றிய பிறகு 4இலிருந்து 7 வரை காட்டுகிற வேறு கீற்று. 4.6ஐ அண்டினால் சட்டி பிரிட்ஜுக்குள் போய்விடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வழமையான நேரத்தை நம்பினால் தயிர் புளிச்சுத்தான் கிடக்கும். அப்போது அரை மணிக்கொருதரம் தோய்க்கிறேன், கீற்றுச் செலவும் அந்த மாதங்களில்தான் கூட.

மாரியில் பெட்டியைத் திறந்து வைத்தால் ஈரம் பிடித்து, தோய்க்க முன்னமே நிறம் மாறிவிடும். என்னுடையது அரிசி முடிச்சோடு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள். வினாகிரிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பெட்டி அப்படிப் போனது.