சென்னையை அறிய: பறக்கும் ரயிலா, நடையா?

வீடு, அலுவலகம், வீடு என்று ஒரே தடத்தில் எட்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். விடுமுறை நாட்களில் அந்தத் தடத்தை விட்டு விலக இரண்டு வழிகளை முயன்றேன்.

முதலாவது, 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், அதாவது பெரும்பாலும் மேம்பாலப் பாதையில் ஓடும் நகர ரயில். கடற்கரை நிலையத்தில் ஏறி வேளச்சேரி வரை ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். சேப்பாக்கம் ஸ்டேடியம், மயிலாப்பூர் மொட்டைமாடிகள், பக்கிங்காம் கால்வாயின் கருத்த நீர் எல்லாம் வரிசையாகக் கடந்து போகும். எந்தப் பேட்டைக்கு அடுத்து எது என்ற வரைபடம் மனத்தில் பதிகிறது. செலவும் மிகக் குறைவு. ஆனால் ஒருவரிடமும் பேச வாய்ப்பில்லை.

இரண்டாவது, சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனில் நடை. நான் மயங்கியது இங்கேதான். ஆர்மீனியன் தெருவை மக்கள் 'அரண்மனைக்காரத் தெரு' ஆக்கிக்கொண்டார்கள். அங்கே அரண்மனை எதுவும் இல்லை, 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. உள்ளே போனால் தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. பவளக்காரத் தெருவின் பெயரில் பவள வணிகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். வழி கேட்டால் கடைக்காரர்கள் கதையே சொல்கிறார்கள். (ஞாயிறு வேண்டாம், பாதிக் கடைகள் மூடியிருக்கும்.)

வெயிலும் நெரிசலும் நடைக்கு எதிரி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரயிலே நல்லது. மற்றவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்: காலை ஒன்பதரை மணிக்கு, ஜார்ஜ் டவுனின் பாரிமுனையில் இறங்கி நடங்கள்.