"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று என் தலையில் கட்டப்பட்ட 90டி லென்ஸ்

மூன்றாம் ஆண்டு தொடங்கும் சமயத்தில் விடுதி வாசலில் தோள்பையோடு ஓர் அண்ணன் வந்து நிற்பார். ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனைப் படிப்பு) மாணவர்களுக்கு "முழு கிட்" விற்பவர். ஊருக்கு ஊர் ஆள் மாறலாம், பை ஒன்றுதான். போன ஆண்டு அந்தப் பையிலிருந்து 14,500 ரூபாய்க்கு நான் வாங்கியது என்ன கதியானது என்பதை எழுதுகிறேன். பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்.

பணம் வீட்டில் கேட்டு வாங்கியதல்ல. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று, பிரேம் துடைத்து, பிடி (இரு கண் பாப்பாக்களுக்கு இடையிலான தூரம்) அளந்து சேர்த்தது. கண்ணாடிக் கடையிலேயே வேலை பார்த்தும் ஏமாந்தாயா என்று கேட்பீர்கள். ஏமாந்தேன். சீனியர் அக்கா ஒருவர் "நல்ல ஆள், எங்கள் பேட்ச் முழுக்க இவரிடம்தான் வாங்கினோம்" என்றார். ஒரு கிட்டுக்கு ஐந்நூறு ரூபாய் அக்காவுக்குப் போனது என்பது பிறகுதான் தெரிந்தது.

கிட்டில் இருந்தவை: ஸ்ட்ரீக் ரெட்டினாஸ்கோப் (கண்ணுக்குள் ஒளிக்கோடு அடித்துப் பவரைக் கணிக்கும் கருவி), 90டி லென்ஸ் (விழித்திரையைப் பார்க்க உதவும் 90 டயாப்டர் லென்ஸ்; டயாப்டர் என்பது பவரின் அலகு), கிராஸ் சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவரைச் சரிபார்க்கும் லென்ஸ்), ஆக்லூடர் (ஒரு கண்ணை மறைக்கும் தட்டு), பிடி அளவுகோல், டார்ச். கடைசி மூன்றும் எங்கும் கிடைப்பவை, அவற்றில் குறையில்லை. கிராஸ் சிலிண்டரின் கைப்பிடி ஆடியது, பசை வைத்து ஒட்டிக்கொண்டேன்.

ரெட்டினாஸ்கோப் ஒன்பதாம் நாள் அணைந்தது. கைப்பிடி 3.5 வோல்ட், உள்ளே போட்டிருந்த பல்பு 2.5 வோல்ட். அதிக மின்னழுத்தத்தில் பல்பு பளீரென்று எரியும், வாங்குகிறவருக்கு வெளிச்சம் பிரமாதமாகத் தெரியும், பிறகு சீக்கிரமே கருகிவிடும். பல்பின் அடியில் வோல்ட் பொறித்திருக்கும். நான் கழற்றிப் பார்க்கவில்லை. மாற்றுப் பல்பு போட்ட பிறகு ஒளிக்கோடு வில்லாக வளைந்து விழுந்தது. வளைந்த கோட்டை வைத்துக்கொண்டு சிலிண்டரின் அச்சை எப்படிப் பிடிப்பது? சுவரில் இரண்டடி தூரத்தில் கோட்டை அடித்து, ஸ்லீவை (கோட்டை மாற்றும் உறையை) ஏற்றி இறக்கி, ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பார்த்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது லென்ஸைப் பற்றி. ரெட்டினாஸ்கோப் கெட்டால் கெட்டது என்று தெரிகிறது. லென்ஸ் கெட்டால் நம் கைதான் கெட்டது என்று தோன்றுகிறது.

ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கோடு கூடிய நுண்ணோக்கி) 90டி பிடிக்கப் பழகியவர்களுக்குத் தெரியும், முதல் சில வாரங்கள் எதுவுமே தெரியாது. லென்ஸ் கண்ணுக்கு ஏழு மில்லிமீட்டர் அருகில் நிற்க வேண்டும், ஒளிக்கற்றை கண் பாப்பாவின் நடுவில் விழ வேண்டும், ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும், நோயாளி கண் சிமிட்டக் கூடாது. எனக்கு நடுவில் ஆரஞ்சாக ஒரு மங்கல், அதன் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு, ஓரத்தில் ரத்தக் குழாய்கள் தண்ணீரில் கரைந்த மை போல. விற்றவரை அழைத்தேன். "கம்பெனி லென்ஸ் தங்கச்சி, கை இன்னும் வரவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அதுதானே எல்லா ஆசிரியர்களும் சொல்வது! இந்த வியாபாரமே அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நடக்கிறது. நல்ல பிம்பம் எப்படி இருக்கும் என்று இதுவரை பார்க்காதவர்களைத் தேடித்தான் அந்தப் பை வருகிறது.

ஆறு வாரம் என் கையையே திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்களில் கப்-டிஸ்க் விகிதம் (கண் நரம்பின் முகப்பான டிஸ்க்கில், நடுக்குழியான கப் எவ்வளவு என்ற கணக்கு) என்ற இடத்தில் 0.3, 0.4 என்று உத்தேசமாக எழுதிவந்தேன். ஒரு நாள் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு 0.4 எழுதி, மேற்பார்வையாளரான மேடத்திடம் அனுப்பினேன். மேடம் தன் லென்ஸால் பார்த்துவிட்டு 0.7 என்றார்; டிஸ்க்கின் கீழ் விளிம்பு குறுகியிருந்தது. அவரைக் குளுக்கோமா (கண் நரம்பைச் சிதைக்கும் நோய்) பரிசோதனைகளுக்கு அனுப்பினார்கள். மாணவர் பார்த்த ஒவ்வொருவரையும் மேற்பார்வையாளர் மறுபடி பார்ப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மேடம் திட்டுவார் என்று போனேன். அவர் தன் லென்ஸை என் கையில் கொடுத்து, "இதில் பார்" என்றார். அதே கை, அதே ஸ்லிட் லேம்ப். டிஸ்க்கின் விளிம்பு வரைந்து வைத்ததுபோல் இருந்தது.

பிறகு இரண்டு லென்ஸ்களையும் ட்யூப்லைட்டுக்கு அடியில் பிடிக்கச் சொன்னார். அவருடையதில் விளக்கின் பிரதிபலிப்பு மங்கலாக, நிறச் சாயலோடு இருந்தது. அது எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சின் அடையாளம். என்னுடையதில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நான் ஆறு வாரம் போராடிய பளபளப்பு அதுதான்.

பவரையாவது அளப்போம் என்றால், எங்கள் ஆய்வக லென்சோமீட்டர் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) 25 டயாப்டரோடு நின்றுவிடும். மேடம் காட்டிய வழி எளிது. கையை நீட்டி லென்ஸ் வழியாகத் தூரத்து ஜன்னலைப் பாருங்கள். தலைகீழாகச் சிறிய ஜன்னல் தெரியும். குவியத் தூரம் அதிகமானால் அந்த ஜன்னலும் பெரிதாகும். 90டிக்குக் குவியத் தூரம் சுமார் 11.1 மில்லிமீட்டர், 78டிக்கு 12.8. இந்த வித்தியாசத்தை அளவுகோலால் பிடிக்க முடியாது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் பிடித்துவிடும். என்னுடைய "90டி" ஜன்னல், மேடத்தின் 78டி ஜன்னலோடு ஒத்துப்போனது. அதுவும் நடுவில் மட்டும். ஓரத்தில் கம்பிகள் குழைந்தன. 78டியும் 90டியும் முறையாக அஸ்பெரிக் வளைவோடு (ஓரத்துக்குப் போகப் போக மாறும் வளைவு) தேய்க்கப்பட வேண்டியவை. என்னிடம் இருந்தது வெறும் கோள வளைவு என்பது மேடத்தின் கணிப்பு. வளையத்தில் இருந்த பிரபல நிறுவனத்தின் பெயர், சோப்புத் தண்ணீரில் நான்கு முறை கழுவியதும் நகத்தோடு வந்துவிட்டது.

78டி என்றால்தான் என்ன, அதுவும் நல்ல லென்ஸ்தானே என்று ஒரு தோழி சமாதானம் சொன்னாள். நல்ல லென்ஸ்தான், 78டி என்று சொல்லி விற்றால். லென்ஸ் தயாரிக்கும் வோல்க் நிறுவனத்தின் அட்டவணைப்படி 90டியின் உருப்பெருக்கம் 0.76, 78டியுடையது 0.93. ஒளிக்கற்றையின் உயரத்தால் டிஸ்க்கை அளக்கும்போது 90டிக்குச் சுமார் 1.3 ஆலும் 78டிக்குச் சுமார் 1.1 ஆலும் பெருக்குகிறோம். அளவு 1.7 மில்லிமீட்டர் வந்தால், 1.3 ஆல் பெருக்கியபோது 2.2, உண்மையில் 1.9 தான். சாதாரண டிஸ்க்கைப் பெரிய டிஸ்க் என்று எழுதிவிடுவேன். பெரிய டிஸ்க்கில் பெரிய கப் இயல்பு என்று சந்தேகத்தையும் விட்டுவிடுவேன்.

பணம் திரும்பி வந்த கதை சுருக்கம். என் கையில் இருந்தது "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட துண்டுச்சீட்டு; ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன், முதல் கேள்வியே "கடையின் முகவரி?" என்பதுதான். ஆனால் அவர் வாட்ஸ்அப்பில் "ஒரிஜினல், ஒரு வருட வாரண்டி" என்று அனுப்பிய செய்திகளை நான் அழிக்கவில்லை. அவற்றைப் படம் எடுத்து அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, போகிறேன் என்று எழுதினேன். இரண்டு நாளில் 4,000 ரூபாய் வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். மீதிக்கு அலையத் தேர்வு நேரம் இடம் கொடுக்கவில்லை.

கிட்டாக வாங்காதீர்கள். கிட் என்பதே நல்ல டார்ச்சுக்குள் கெட்ட லென்ஸை ஒளித்து விற்கும் வழி. ரெட்டினாஸ்கோப் தேவைப்படும்போது அதை மட்டும், ஸ்லிட் லேம்ப் வகுப்பு தொடங்கும்போது 90டியை மட்டும் வாங்குங்கள். கல்லூரியில் இன்டைரக்ட் (தலையில் மாட்டிக்கொண்டு விழித்திரையைப் பார்க்கும் கருவி) இருந்தால் அங்கேயே 20டி லென்ஸும் இருக்கும், சொந்தமாக வாங்க அவசரமில்லை. புது லென்ஸுக்குக் காசு போதாவிட்டால், படிப்பு முடித்துப் போகும் சீனியரிடம் பழையதைக் கேளுங்கள். ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் வேண்டாம். நடுவில் கீறல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேடம் தன் 90டியை விட்டு 78டிக்கு மாறிக்கொண்டபோது, நானும் இப்படித்தான் அவருடையதைத் தவணையில் வாங்கினேன்.

போலி லென்ஸைத் தூக்கி எறியவில்லை. நீங்கள் வாங்கப்போவதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் கேளுங்கள், கொடுத்து அனுப்புகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.