ரேமா, எஸ்எஸ்டியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா கேட்டார்: "கம்ப்யூட்டர் ஊர்ந்து போகுது மாப்ள, ரேம் போடவா, எஸ்எஸ்டி போடவா?"

ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அதில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி: 1968இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டு காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான் இன்றும். எவ்வளவு அழகான எளிமை! ஆனால் மின்னூட்டம் கசியும். வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். யுபிஎஸ் இல்லாத பட்டறையில் கரண்ட் போனால், சேமிக்காத பில் போச்சு.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் நிரந்தரச் சேமிப்பகம். அது எலக்ட்ரான்களைக் காப்புப் படலத்துக்குள் அடைத்து வைக்கிறது. கரண்ட் போனாலும் இருக்கும். அழித்து அழித்து எழுதினால் படலம் தேயும், ஆனால் பில் போடும் வேலைக்கு அது கவலையே இல்லை.

வேகத்தில் ரேம் நானோவினாடிக் கணக்கு, எஸ்எஸ்டி மைக்ரோவினாடி, பழைய ஹார்ட் டிஸ்க் மில்லிவினாடி.

சரி, மாமாவுக்கு எது? எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 8 ஜிபி ரேமில் பாதி காலி. ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறியது. யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டிதான். ரேம் நிரம்பி வழிந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். அப்போதும் மதர்போர்டு எந்தத் தலைமுறை ரேமை ஏற்கும், டிடிஆர்3யா, டிடிஆர்4ஆ என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.