பாசி முற்றிய தொட்டிக்குக் கடல் நீரா, உப்புக் கலவையா?

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் கேட்பது இது. முடிப்பாசி சுரண்டச் சுரண்ட வருகிறதென்றால், மாற்றும் தண்ணீரோடு பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

செலவு: கடல் நீருக்குக் கேன் தூக்கும் கூலிதான். கலவைக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு (சமையல் உப்பு அல்ல, கடல்மீன் தொட்டிக்கென்றே விற்பது), அதோடு ஆர்.ஓ. தண்ணீர்.

பாசி: வித்தியாசமே இங்கேதான். படகுத்துறை ஓரம் அள்ளிய நீரில் மீன் கழிவு கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரம் உப்பு குறையும், பாசிக்குத் தீனி கூடும். கலவை அப்படி மாறாது. ஆனால் அதைப் போர் தண்ணீரில் கரைத்தால் காசு வீண். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு காட்டும் கருவி) பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும்.

சிரமம்: கடல் நீரை மூடி இருட்டில் தெளியவிட்டு, மேலாக எடுத்து வடிகட்ட வேண்டும். கலவையை இரவு கரைத்து மோட்டார் ஓடவிட்டால், காலையில் அடர்த்தி 1.025 (நன்னீர் 1 என்றால்) பார்த்து ஊற்றலாம்.

மீன் மட்டும் உள்ள பெரிய தொட்டி, கரை தள்ளி நீர் எடுத்துத் தரப் படகுக்காரரும் இருக்கிறார் என்றால் கோடையில் கடல் நீரே போதும். சின்னத் தொட்டிக்கும், பாசி ஏற்கெனவே முற்றியதற்கும் கலவைதான் சரி. அப்புறம், பாசி தின்னும் நத்தை தேடி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகாதீர்கள். 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது.